பொட்டு வைத்த பட்டன்

அந்த ஆடி மாதம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்றுத் தானாகவே அணைந்துகொண்டிருந்தது. சுவரில் இருக்கிற சுவிட்சைப் போட்டால் போதும், பெட்டியில் நான் கை வைக்காமலே உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். பச்சை விளக்கு எரியும். திரையில் எழுத்து வரப்போகிறது என்று நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். "தாயே காப்பாத்து" என்று நிதானமாக ஒரு தடவை சொல்லுகிற நேரம்தான் அதற்கு ஆயுள். மறுபடி சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி அதே கதை.

பழைய பெட்டி அது. மாட்டுங்காவில் ஒரு அச்சகத்தில் நான் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் தமிழில் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் புதுசு வாங்கியபோது, நான் உட்கார்ந்து அடித்த பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். மகன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உதவும் என்றுதான் வாங்கி வந்தேன். அவன் இரண்டு வருடத்தில் லேப்டாப்புக்குப் போய்விட்டான். பெட்டி எனக்கென்று ஆகிவிட்டது. அம்மன் படம் இருக்கிற அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேசை போட்டு அதை வைத்திருந்தோம். எங்கள் கோலியில் வேறு இடமும் கிடையாது. மும்பையில் இந்த ஒற்றை அறை வீட்டைக் கோலி என்றுதான் சொல்லுவோம்.

அது அணைந்ததில் எனக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து கட்டிய அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் அங்கே நடக்கிற திருவிழாவை நாங்கள் கொடை என்போம். கொடைக்குப் பெண்கள் வட்டம் போட்டுக் கும்மியடிப்போம். அந்தப் பாட்டுகள் புத்தகத்தில் இல்லை. வாயில்தான் இருந்தன. எங்களுக்கு மூத்தவர்கள் பாடுவார்கள், நாங்கள் பின்னால் பாடுவோம். எங்கள் பிள்ளைகள் முறை வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் இரண்டு அடி வரைக்கும் அவர்கள் வாய் திறக்கும். அப்புறம் உதடு மட்டும் அசையும். அப்புறம் அதுவும் நிற்கும். திட்டவும் முடியாது. பேசுவது தமிழ்தான் என்றாலும் பள்ளிக்கூடத்தில் படிப்பது இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும். தமிழில் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது.

அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக் கொடுப்போமே என்று எனக்குத் தோன்றியது. இடது பக்கம் தமிழ் எழுத்தில் பாட்டு, வலது பக்கம் அதே பாட்டு அதே சத்தத்தில் இந்தி எழுத்தில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தமிழ் எழுத்தும் இந்தி எழுத்தும் டைப் அடிக்க என் விரலுக்குத் தெரியும். பாட்டுகளைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பாண்டுப்பில் ஒரு மயினி இருக்கிறார், தூரத்து அண்ணன் மனைவி. அவருக்குத்தான் நிறைய தெரியும். அவர் போனில் பாட, நான் அடிப்பேன்.

இந்த 'ழ' மட்டும் பெரிய பாடு படுத்தியது. இந்திக்கும் மராத்திக்கும் எழுத்து ஒன்றுதான், மராத்தியில் 'ள' உண்டு, 'ழ' கிடையாது. 'மழை' என்று அடிக்கப் போனால் 'மளை' என்று வந்து நிற்கும். கடைசியில் 'ள'வுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி இருந்தால் நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கணும் என்று தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். என் மருமகள் டோம்பிவிலியில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கும் தமிழ் படிக்க வராது. அவளை வைத்துத்தான் முதலில் சோதித்துப் பார்த்தேன். இந்தி எழுத்தைப் பார்த்து அவள் தமிழ்ப் பாட்டைத் தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த மொத்தப் பாட்டும் பெட்டிக்குள் இருந்தது. கடைசிப் பாட்டில் பாதி இன்னும் அடிக்க வேண்டியிருந்தது. அச்சகத்தில் சொல்லி வைத்தாயிற்று. கொடைக்குக் கால் நாட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டி இப்படிச் செத்துச் செத்துப் பிழைத்தால் நான் என்ன செய்வேன்?

முதலில் வீட்டில் இருந்ததை வைத்தே பார்த்தோம். வயர் மாற்றினோம். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியிருந்ததை எடுத்து நேராகச் சுவரிலேயே செருகினோம். பக்கத்துக் கோலியிலிருந்து ஒரு வயர் இழுத்து அவர்கள் கரண்டிலும் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கே மெஷினிலிருந்து தூசி ஊதித் தள்ளுகிற ஊதுகுழல் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஊதினார். வந்த தூசியில் நான் அடுப்பில் வைத்திருந்த ரசம் வீணாயிற்று. ஒரு கரப்பான் குடும்பமே வெளியேறியது. நோய் போயிற்று என்று அவர் கையைத் தட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, அணைந்தது.

"தூசி இருந்தப்பவும் இதே நேரம்தான் நின்னுது. இல்லாதப்பவும் இதே நேரம்தான் நிக்கி. கரப்பான் மேல பழி போட்டு என்ன செய்ய," என்றார்.

தாணேயில் ஆபீசில் இருந்த மகனுக்குப் போன் போட்டேன். அவன் அவசரத்தில் இருந்தான். அது எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும்மா என்று சொல்லி வைத்துவிட்டான். எனக்கு அது எஸ்.எம்.எஸ். என்று கேட்டது. ஏதோ எஸ்.எம்.எஸ். வந்திருக்கும், அதைப் பார்த்துச் செய்யச் சொல்கிறான் என்று நான் என் போனைத் துழாவ, வீட்டுக்காரர் அவர் போனைத் துழாவ, கரண்டு பில் கட்டச் சொல்லி வந்த ஒரு செய்தியைக் கண்டுபிடித்து, ஓ, பில் கட்டாததால்தான் இப்படி என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்தோம். பில் கட்டாவிட்டால் வீட்டில் ஃபேன் மட்டும் எப்படிச் சுற்றும், லைட் எப்படி எரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் மகன் வந்து சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எஸ்.எம்.பி.எஸ். என்பது பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டியாம்.

அவன் அதோடு இன்னொன்றும் சொன்னான். இந்த டப்பாவைப் பங்காருக்குப் போட்டுவிடலாம், உள்ளே இருக்கிற டிஸ்கை மட்டும் எடுத்து உன் பாட்டையெல்லாம் என் லேப்டாப்பில் போட்டுத் தருகிறேன் என்றான். பங்கார் என்கிற பழைய இரும்புக்காரனுக்கா தாராவியில் பஞ்சம். ஆனால் முன்பே ஒரு தடவை பென் டிரைவில் எடுத்து அவன் லேப்டாப்பில் திறந்து பார்த்திருக்கிறோம். அந்தப் பழைய தமிழ் எழுத்து அதில் வரவில்லை. அம்மன் பாட்டு முழுக்க வாலும் கொம்புமாக ஏதோ கிறுக்கல் ஓடியது. அச்சகத்துப் புதுக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். இந்தப் பெட்டியில் திறந்து, இதிலிருந்தே பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால்தான் எழுத்து எழுத்தாக நிற்கும் என்று அச்சகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே டிஸ்கு மட்டும் போதாது. பெட்டியே எழுந்து நிற்கணும்.

மறுநாள் மழையில் பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வீட்டுக்காரர் தலையில் வைத்துப் பிடித்துக்கொள்ள, பெரிய ரோட்டுக் கடைக்குக் கொண்டுபோனோம். ரிப்பேர் பார்க்கிற தம்பி வடநாட்டுப் பையன், நல்ல குணம். நான் இந்தியில் நோயைச் சொன்னேன். அவர் பெட்டியை மேசையில் கிடத்தி, முன்பக்க மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே எங்கேயோ இரண்டு கம்பி முனைகளைத் திருப்புளியால் தொட்டார். பெட்டி எழுந்துகொண்டது. எழுந்ததோடு இல்லை, நின்றது. நாங்கள் டீ குடித்தோம். இன்னொரு வாடிக்கையாளர் வந்து போனார். நின்றுகொண்டே இருந்தது. எனக்குக் கடைக்குள்ளேயே கை கூப்பத் தோன்றியது. அந்தத் தம்பிக்குத்தான் திருப்தி இல்லை. நோயே தெரியாமல் எப்படி அனுப்புவது என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி, மூடியைத் திரும்பப் பூட்டித் தந்தார்.

உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரி போய் வருகிறவரை வாசலில் நிறுத்தி ஆலாத்தி எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்டிக்கும் எடுத்தேன். மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் கரைத்து மூன்று சுற்று சுற்றி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து உள்ளே கூட்டிக்கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அது வரைக்கும் வாசலிலேயே நின்றார். கை வலித்திருக்கும்.

மேசையில் வைத்து, வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டோம். ஃபேன், பச்சை விளக்கு, "தாயே காப்பா" வரைக்கும் வந்தேன். அணைந்தது.

இப்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. கடையில் நிற்கிறது, வீட்டில் நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. தவிரவும் பட்டனைத் தொடாமலே அது எழுந்திருக்கிறதே, அது என்ன? கண்ணேறு என்று முடிவு கட்டினேன். கொடைக்கு இவள் புத்தகம் போடுகிறாள் என்று யாருக்காவது வயிறு எரிந்திருக்கும். மிளகாய் வற்றல், உப்பு, தெருமுக்கு மண் எல்லாம் எடுத்துப் பெட்டியைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கமறவே இல்லை. வற்றல் கமறாவிட்டால் கண்ணேறு இருக்கிறது என்றுதானே அர்த்தம். வீட்டுக்காரர் ஜன்னல் திறந்திருந்ததால் கமறவில்லை என்றார்.

இதற்கு நடுவில் கோயில் பொறுப்பைப் பார்க்கிற அண்ணாச்சி வந்தார். புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பெட்டியைக் காட்டினேன். அவர் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். அது எழுந்து அணைவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீ வருத்தப்படாத. பிள்ளைகளுக்குக் கும்மி தெரியலன்னா போகட்டும். இப்ப எல்லா ஊர்லயும் ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஆடுதாங்க. நாமளும் இந்த வருசம் அப்படிச் செஞ்சுக்கிடுவோம். புத்தகம் அடுத்த கொடைக்குப் பாத்துக்கலாம்."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு தடவை ஸ்பீக்கர் வைத்துவிட்டால் அப்புறம் எந்த வருடமும் வாய்ப்பாட்டு திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். மைக் செட் வந்த கோயில் எதிலும் அது திரும்பி வந்ததில்லை. அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். "நான் எனக்காகக் கேக்கல. உன் பாட்டு இது. உனக்கு வேணும்னா வழிய நீயே காட்டு, வேண்டாம்னா அதையாவது சொல்லு" என்று கேட்டேன். சாமியிடம் சண்டை போடுகிற உரிமை எனக்கு உண்டு. ஒரு வெள்ளி தவறாமல் விளக்கு வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் ஐயோ என்று தலையில் கை வைத்தாள். திரை அப்படியே உறைந்துவிட்டதாம். அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒரு விரலை அந்த லேப்டாப்பின் பட்டன் மேல் வைத்து எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நான் என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. இது ஹேங் ஆயிட்டு. பட்டனை இப்படி அமுக்கியே பிடிச்சா தானா ஆஃப் ஆயிரும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"கொஞ்ச நேரம்தான். இதோ, போயிட்டு பாருங்க."

திரை கறுத்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்த நேரம். எத்தனையோ தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்த நேரம்.

"எம்மா, இன்னொரு தடவை செய்யி," என்றேன்.

அவள் லேப்டாப்பைப் போட்டு, மறுபடி அமுக்கிப் பிடித்தாள். நான் "தாயே காப்பாத்து" என்று சொன்னேன். சொல்லி முடிக்கவும் அது அணையவும் சரியாக இருந்தது.

"இது நம்ம பெட்டி அணையுத நேரம்லா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆனா அதை யாரும் பிடிக்கலையே அத்தை."

"பிடிக்கலன்னு நாம பாத்தோமா?"

இரண்டு பேரும் எழுந்து பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தோம். பட்டன் எங்கே என்று அவள் கேட்டாள். அப்போதுதான் நானே அதை ஒழுங்காகப் பார்த்தேன். பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டுதான் இருந்தது. நெல்லிக்காய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எல்லாப் பொருளுக்கும் பொட்டு உண்டு. கிரைண்டருக்கு, ஃபிரிட்ஜுக்கு, வீட்டுக்காரரின் தையல் மெஷினுக்கு, தண்ணீர் டிரம்முக்கு. கம்ப்யூட்டருக்கு எங்கே வைப்பது? பெட்டிக்கு முகம் மாதிரி இருப்பது அந்த உருண்டைப் பட்டன்தான். உயிர் வருகிற இடமும் அதுதான். அதன் மேல்தான் வைப்பேன். போன வெள்ளிப் பொட்டைத் துடைத்துவிட்டா வைத்தேன் என்றால், இல்லை. சாமிப் பொட்டைத் துணியால் துடைக்க மனம் வராது, அதன் மேலேயே வைத்துவிடுவேன். வருடக்கணக்கில் அடுக்கு அடுக்காகக் காய்ந்து, இந்த மழை ஈரத்தில் குழைந்து, பட்டனைச் சுற்றியிருக்கிற சந்தில் இறங்கி, கடைசியாக அமுக்கிய பட்டனை அமுக்கியபடியே ஒட்டி வைத்துவிட்டது. விரல் இல்லாமலே ஒரு விரல் அதை இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவர் சுவிட்சைப் போட்டதும் தானாக எழுந்தது அதனால்தான். கொஞ்ச நேரத்தில் அணைந்ததும் அதனால்தான். கடையில் நின்றது ஏனென்றால் அந்தத் தம்பி மூடியோடு பட்டனையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பி முனையைத் தொட்டுத்தானே போட்டார். சரியாகி வந்ததை வாசலில் நிறுத்தி அதன் மேல் புதுச் சந்தனமும் அப்பியது நான்.

ஊக்கு முனையால் சந்தனத்தைக் குத்திப் பெயர்த்தேன். உள்ளே பட்டன் சுவரில் அறைந்த ஆணி மாதிரி அமுங்கிக் கிடந்தது. வெளியே வரவே இல்லை. மருமகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்து போனார். மருமகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏட்டி, தெரு மண்ணெல்லாம் அள்ளிட்டு வந்து ஊரார் கண்ணைக் கழிச்சியே. நீதாம்ட்டி வெள்ளிக்கு வெள்ளி வந்து அமுக்கிப் பிடிச்சிருக்க."

"அது நான் வச்ச பொட்டு இல்ல. அம்மனுக்கு வச்ச பொட்டு," என்றேன்.

"அப்ப அம்மனையே வந்து எடுக்கச் சொல்லு."

அம்மன் எடுக்கத்தான் செய்தாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் சண்டை போட்ட மறுநாளே மருமகளின் லேப்டாப் என் கண் முன்னால் ஏன் உறைய வேண்டும்? ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், சாமிக்கு லேப்டாப் ரிப்பேரும் தெரியுமா என்று அதற்கும் ஒன்று கிளம்பும்.

கடைத் தம்பிக்கு மருமகள் வீடியோ கால் போட்டாள். போனைப் பட்டன் அருகே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முதலில் அது துரு என்று நினைத்தாராம். சந்தனம் என்றதும் அவர் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பெட்டிக்குள் எலி செத்துக் கிடந்து பார்த்திருக்கிறேன், டீ கொட்டிப் பார்த்திருக்கிறேன், பூஜை செய்தே பூட்டியதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அப்புறம் அவரே தலையில் தட்டிக்கொண்டார். கடையில் மூடியை மாட்டிய பிறகு ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கணும் என்று அவருக்கே வருத்தம். அந்தப் பட்டன் இனி தேறாது, வலித்தால் உடையும், ஆனால் கவலையே இல்லை என்றார். பெரிய பட்டனுக்குக் கீழே சின்னதாக இன்னொன்று இருக்கிறது பாருங்கள், ரீசெட் பட்டன், அதை இத்தனை வருடத்தில் நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள். பெரிய பட்டனின் வயரைப் பிடுங்கிவிட்டு, சின்னப் பட்டனின் வயரை அந்த இடத்தில் செருகினால் இனி அதுதான் பவர் பட்டனாம்.

சுவர் சுவிட்சை அணைத்து வயரையும் உருவச் சொன்னார். செய்தோம். தகட்டைக் கழற்றினோம். மருமகள் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் டார்ச் காட்டினாள். உள்ளே மூலையில் பொடிப் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. அவள் விரலுக்கு நீண்ட நகம். பிடி கிடைக்கவில்லை. நான் செருகுகிறேன் என்றேன். வாழ்க்கை முழுக்கப் பூத்தொடுத்த விரல் என்னுடையது, மல்லிகைக் காம்பைவிட அந்த வயர் முனை ஒன்றும் சின்னதில்லை. ஒன்றைப் பிடுங்கினேன். இன்னொன்றைப் பிடுங்கினேன். அந்தத் தம்பி போனுக்குள்ளிருந்து, இன்னும் இடது பக்கம், இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயர் முனை இடத்தில் போய் உட்கார்ந்தது கட்டை விரலுக்குக் கீழே லேசாக நறுக்கென்று தெரிந்தது.

வயரைப் போட்டு, சுவர் சுவிட்சைப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. தானாக எழும் பெட்டி அன்றைக்கு எழவில்லை. பச்சை விளக்கு இல்லை, சத்தம் இல்லை. வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. மருமகள்தான் கையைத் தட்டினாள்.

"இதுதான் சரி மாமா. நாம தொட்டாத்தான் இனி அது எழும்பணும்."

நீங்களே தொடுங்கள் என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சின்னப் பட்டனை விரல் நுனியால் அமுக்கி, சுட்டுவிட்ட மாதிரி உடனே கையை எடுத்தேன். ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு வந்தது. "தாயே காப்பாத்து" என்றேன். அணையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அணையவில்லை. திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. அப்புறம் படம் வந்தது. அப்புறம் என் பாட்டு ஃபைல் இருக்கிற மஞ்சள் கட்டம் மூலையில் வந்து நின்றது. போனுக்குள் கடைத் தம்பி கை தட்டினார். வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்து என் பின்னால் போட்டார். உட்கார்ந்து அடி என்று அர்த்தம்.

அடித்தேன். அன்றைக்கு வெண்டைக்காய்க் குழம்பு மருமகள் வைத்தது. பாண்டுப் மயினியைப் போனில் பிடித்து, மிச்சப் பாட்டைப் பாடச் சொன்னேன். அவர் பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி மறந்து, கடைசியில் எழுந்து நின்று கும்மியடித்துக்கொண்டே பாடினால்தான் வரும் என்று சொல்லி அங்கே தனியாகக் கும்மியடித்துப் பாடினார். கை தட்டும் சத்தம் போனில் கேட்டது. மருமகள் என் பின்னால் நின்று இந்தி எழுத்துப் பக்கத்தைப் படித்துப் பார்த்து, எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே நிறுத்தினாள். 'ள'வுக்கு அடியில் புள்ளி விட்டுப்போன இடங்களை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அத்தை, இங்கன ஒரு பொட்டு விட்டுப்போச்சு. எல்லாத்துக்கும் வைக்கீங்க, இதுக்கு மட்டும் ஏன் பஞ்சம்?"

வைக்க வேண்டிய பொட்டையெல்லாம் வைத்து, பி.டி.எஃப். ஆக்கி, மூன்று பென் டிரைவில் எடுத்தோம். மகனின் லேப்டாப்பில் அதைத் திறந்தபோது வாலும் கொம்பும் இல்லை. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இந்தி எழுத்து, இரண்டும் பளிச்சென்று நின்றன. அவன் அதைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனான். இவ்வளவுமா அடிச்சே என்று கேட்டான். பங்கார் பேச்சை அப்புறம் அவன் எடுக்கவில்லை.

அச்சகத்திலிருந்து மஞ்சள் அட்டை போட்டுப் புத்தகம் வந்தது. அண்ணாச்சி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர்காரனுக்குச் சொல்லிவிட்டதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி என்றார். அன்று தொடங்கிக் கொடை வரைக்கும் தினமும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோயில் முன்னால் கூடினார்கள். நான் தாளம் போட, மருமகள் இந்தி எழுத்தைப் பார்த்து முதல் குரல் கொடுத்தாள். தமிழ் படிக்கத் தெரியாதவள் தமிழ்ப் பாட்டுக்கு வாத்தியார்.

கொடையன்று மழை விட்டிருந்தது. ஊரிலிருந்து வழக்கமாக வருகிற நையாண்டி மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். மதியப் பூஜை முடிந்து கும்மிக்கு வட்டம் போட்டோம். உள் வட்டத்தில் நாங்கள், வெளி வட்டத்தில் பெண் பிள்ளைகள். சிலர் புத்தகத்தை இடுப்பில் செருகியிருந்தார்கள். முதல் அடி எடுத்தோம். பிள்ளைகள் எடுத்தார்கள். இரண்டாம் அடி. மூன்றாவதில் வழக்கமாகக் குரல் மெலியும். மெலியவில்லை.

மேளம் அடிக்கிறவர் வருடா வருடம் வருகிறவர். எங்கள் கும்மி எந்த இடத்தில் ஓயும் என்று அவர் கைக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் ஒரு முத்தாய்ப்பு அடித்து முடித்துவிட்டு, குச்சியை மடியில் வைத்து, துண்டால் முகத்தைத் துடைக்கப் போனார். பாட்டு நிற்கவில்லை. வெளி வட்டம் அடுத்த அடிக்குப் போய்விட்டது, அதற்கடுத்த அடிக்கும் போய்விட்டது. எங்கள் கை தட்டல் மட்டும்தான் அதற்குத் தாளம். அவர் துண்டை அப்படியே தோளில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நாயனக்காரரைப் பார்த்தார். பிறகு குச்சியைத் தேடி எடுத்து, பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த இடத்தைப் பிடிக்க ஓட்டமாக அடித்தார்.